ஞானமுத்துவும் துரைசாணி கல்லும்

ஞானமுத்து இன்று காலை போய்விட்டான்... இப்போதுதான் அவன் மகன் போன் செய்தான்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மைக்கை அழுத்திப் பேசுகிறேன், போனே எழுதிக்கொள்கிறது. தப்பு இருந்தால் போனைத் திட்டுங்கள்.

உத்திரமேரூர் பக்கம் எங்கள் காலனியில் வெள்ளைக்காரர்கள் கட்டிய சர்ச், ஓடு சரிந்த துரை பங்களா, பின்னால் கல்லறைத் தோட்டம். நாற்பது வருஷமாகச் சாவி ஞானமுத்துவிடம், கொத்துக்கரண்டி என்னிடம்.

உண்மையைச் சொல்கிறேன். அவனைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

சென்னையிலிருந்து கேமராவோடு கார்கள் வரும். நான் சாரத்தின் மேல் நின்று சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருப்பேன்... ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

எந்தத் தூலம் யார் வண்டியில் வந்தது, எந்தக் குழியை யார் வெட்டியது, எல்லாம் என் தலைக்குள் இருக்கிறது. ஆனால் கேட்பது அவனைத்தான். அவனுக்குக் கல்லைப் படிக்கத் தெரியும், இஸ்திரி போட்ட சட்டை வேறு.

துரைசாணி கல்லறையும் அவள் குழந்தை கல்லறையும் பக்கம் பக்கமாக இருக்கும். அங்கே வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வான்.

"சாவப் போற நேரத்துல அந்தம்மா கேட்டாங்களாம் சார்... என் பேரு போட்ட கல்ல கொயந்த மேல வைங்க, கொயந்த கல்ல என் மேல வைங்கன்னு."

கேட்டவர்கள் கண்ணைத் துடைப்பார்கள். ஒரு பெண் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். அதை வீடியோ எடுத்துப் போட்டு, ஆயிரக்கணக்கில் லைக் வேறு.

அந்த இரண்டு குழியையும் வெட்டியவர் எங்கள் தாத்தா. அப்படி ஒரு பேச்சே கிடையாது!

ஒருநாள் அவனைப் பிடித்துக்கொண்டேன். "டேய், நீ உடற கப்சாவ நாளைக்கே போதகராண்ட சொல்லப் போறேன்."

"சொல்லு மச்சான். அவரு வந்து கல்லப் படிப்பாரு. அப்புறம் இன்னா ஆவும்?"

"இன்னா ஆவும்?"

"மழையில செவுரு வியுந்தப்போ கல்லுங்கள எடுத்து, மேடை பூசி, திருப்பி வெச்சது யாரு? நீ. ரெண்டையும் மாத்தி வெச்சிட்டுகீற. அதான் அஞ்சு வருசமா கத சொல்லி சமாளிச்சிகினு கீறேன்."

"இப்போ மாத்தி வெச்சிடலாமா?" என்றேன்.

"போட்டோ ஊரு பூரா போயிடுச்சி. இனிமே மாத்துனா நான் பொய்யன், நீ தற்குறி. கம்முனு கெட."

நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அது வரவில்லை... கதை சொன்ன பேரும் அவனுக்கு, காப்பாற்றிய பேரும் அவனுக்கா என்று இன்னும் அதிகமாகத்தான் எரிந்தது.

போன மாதம் அவன் ஆஸ்பத்திரியில் படுத்தான். சாவி என் கைக்கு வந்தது. அந்த வாரமே ஒரு கார் வந்தது.

நாற்பது வருஷம் காத்திருந்த நாள். தூலம், சுண்ணாம்பு, தாத்தா, எல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். அவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு, "ஏன் பெரியவரே, அந்த அம்மா கல்லு கதை சொல்லுங்க" என்றார்கள்.

அவன் கதையையே சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல், குரலையும் தாழ்த்தி... ஒருத்தரும் அழவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூக்கில் டியூபோடு கேட்டான், "அயுதாங்களா மச்சான்?"

"பின்ன? தேம்பித் தேம்பி அயுதாங்க."

"பொய்யி..." என்று சிரித்தான். சிரிக்கச் சிரிக்க இருமல் வந்து, நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டாள்.

கல்லை மாற்றி வைத்தவன் நான்தான். இன்றைக்கு நானே சொல்லிவிட்டேன். போதகர் இதைப் படித்தால் படிக்கட்டும்.

போய் வா மச்சான்... இந்நேரம் அங்கேயும் உன்னைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும்.