பச்சை நூல் கட்டிய சுருட்டு

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடிய இடத்தில் பேச வராது. எழுதுவதும் எனக்குச் சொந்தமான வேலை இல்லை என்று தெரியும். எழுத்துப் பிழைக்கும், ஓர் ஆள் தன் வீட்டுக் கதையை இப்படிக் கொண்டுவந்து வைப்பதற்கும் முதலிலேயே பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லிப் பார்த்தேன், பாதியில் நின்றுவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில் ஒரு சுருட்டுப் பட்டறையில் இலை பிரிக்கும் வேலை எனக்கு. சுருட்டின் மேலே சுற்றும் இலையை நடு நரம்போடு கிழித்தால் இரண்டு பாதி கிடைக்கும். வலது பாதியை ஒரு பக்கமாகத்தான் சுற்ற முடியும், இடது பாதியை அதற்கு எதிர்ப்பக்கமாக. மாற்றிச் சுற்றினால் நரம்பு வெளியே துருத்தும். கை ஒரு வாக்குக்கு, ஒரே பக்கமாகச் சுற்றிப் பழக வேண்டும் என்பதற்காக, ஓர் ஆளுக்கு ஒரு பாதியை மட்டும்தான் அடுக்கிக் கொடுப்போம். சுருட்டைப் பார்த்தாலே இலையின் விளிம்பு எந்தப் பக்கம் சாய்ந்து ஏறுகிறது என்று தெரிந்துவிடும்.

என் மனைவியும் அதே பட்டறையில்தான் இருக்கிறாள். கீழ்த்தளத்தில் பெண்கள் தரையில் உட்கார்ந்து சின்னச் சுருட்டு சுற்றுவார்கள். மாடியில் மேசை நாற்காலி போட்டு, விலை கூடின தடிச் சுருட்டு. இரண்டு வருஷமாக அவளுக்கு முழங்கால் வீங்குகிறது. இனி தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாடியில் ஒரு நாற்காலி காலியானது. அது கிடைத்தால் வேலையில் இருப்பாள், கிடைக்காவிட்டால் நின்றுவிட வேண்டியதுதான். பதினெட்டு வயதிலிருந்து சுற்றுகிற கை அது. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியும்.

அந்த நாற்காலிக்கு இரண்டு பேரைப் பார்த்தார்கள். ஒருத்தி என் மனைவி, மற்றவள் ஆத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் பெண். இருவரும் ஒரே நீளம், ஒரே தடிமனில் சுருட்டு சுற்ற வேண்டும். மாடியில் வெகு காலமாக இருக்கும் பெரியவர் சுற்றியதையும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்ப்பார்கள். குடித்துப் பார்க்க மூன்று பேர்: நாங்கள் பாய் என்று கூப்பிடும் முதலாளி, கீரனூர்ப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர், நான். வெற்றிலை, பாக்கு, சாராயம் எதுவும் என் வாயில் படுவதில்லை. அதனால்தான் எப்போதும் என்னைக் கூப்பிடுவார் முதலாளி.

"உன் வீட்டுக்காரி இருக்காளேன்னு யோசிக்காத அப்பு. எது யாருதுன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும்" என்றார்.

காலையில் கிளம்பும்போது அவள் சொன்னது ஒன்றுதான். "எனக்காக ஒரு வார்த்த கூடச் சொல்லிப்புடாதீக. அப்புறம் அந்த நாக்காலியில எனக்கு உக்கார ஏலாது."

மாடியில் ஃபேனை நிறுத்தி ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். கம்பெனிக் காகித வளையம் போடாத சுருட்டுகள். நூலின் நிறம்தான் அடையாளம்: சிவப்பு, வெள்ளை, பச்சை. ஆளுக்கு மூன்று. நடுநடுவே வாயைக் கழுவ வெந்நீரும் ஒரு தட்டில் பொரியும் இருந்தன.

பச்சையைக் கையில் எடுத்ததும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மற்ற இரண்டிலும் விளிம்பு வலது பக்கம் சாய்ந்து ஏறியது. பச்சையில் இடது பக்கம். அந்த வாரம் என் மனைவிக்கு இடது பாதி இலையை அடுக்கிக் கொடுத்தவனே நான்தான். ஆத்தூர்ப் பெண்ணுக்கு வலது பாதி. பெரியவர் எப்போதும் வலதுதான்.

இனி தெரியாதவன்போல் குடிக்க வேண்டும்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. சுருட்டு பாதி தாண்டி எரியாமல் யாரும் நல்லது கெட்டது பேசக்கூடாது. கடைக்காரருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. சிவப்பை நாலு இழுப்பு, வெள்ளையை நாலு இழுப்பு, பச்சையைக் கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிட்டு, "ஏனுங்க பாய், இதுதானுங்க. என்ன காரம், என்ன மணம்! கொடைக்கானல் போறவங்க இதைத்தானுங்க கேப்பாங்க" என்றார்.

"பாதி வரட்டும்யா" என்றார் முதலாளி.

"பாதி வர்றதுக்குள்ள என் பஸ்ஸு போயிருமுங்க."

அவர் சொன்னதும் பொய் இல்லை. மூன்றிலும் பச்சையின் முதல் பாகம்தான் அருமையாக இருந்தது. மிளகு கடித்ததுபோல் ஒரு காரம், பின்னால் லேசான இனிப்பு. முதலாளி பச்சையைப் பற்றவைத்த சற்று நேரத்தில் போன் வந்தது. சுருட்டைத் தட்டில் வைத்துவிட்டு வராந்தாவில் நின்று பேசினார். திரும்பி வந்தபோது அது அணைந்திருந்தது.

ஆக, பச்சையைப் பாதி தாண்டிக் குடித்தவன் நான் ஒருவன்தான். தாண்டியதும் அது மாறியது. நெருப்பு ஒரு பக்கமாகவே ஓடியது. மறுபக்கம் கறுத்து நின்றது. இழுத்தால் புகை சுட்டது, நாக்கின் ஓரம் கசந்தது. திருப்பிப் பிடித்தேன், மெதுவாக இழுத்தேன், மறுபடி பற்றவைத்தேன். சரியாகவில்லை. உள்ளே இலை ஒரே சீராக வைக்கப்படவில்லை.

கீழே பெண்கள் எப்போதும் சளசளவென்று பேசிக்கொண்டிருப்பார்கள். அன்று பலகையில் கத்தி படும் சத்தம் மட்டும் கேட்டது.

"எனக்கும் பச்சை தேவலைன்னுதான் படுது" என்றார் முதலாளி. "நீ என்ன சொல்ற?"

நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. தலையை ஆட்டினால் போதும். அதைக்கூடச் செய்யாமல் வழக்கம்போல் உட்கார்ந்திருந்தால்கூட நாற்காலி அவளுக்குத்தான். என்னைத் தெரிந்தவர்கள் யாரும் அதைத் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

"ஏலே, வாயத் தெற. பொரி திங்கவா உன்னய மாடிக்கு ஏத்துனேன்?"

"பச்சை... கடைசி பாய்" என்றேன். "பாதிக்கு மேல ஓரமா எரியுது. கசக்குது. செவப்புலயும் வெள்ளையிலயும் எனக்கு வித்தியாசம் தெரியல."

கடைக்காரர் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. என் தட்டிலிருந்த பச்சையை எடுத்து, ஒரு பக்கம் கறுத்திருந்ததைப் பார்த்தார். தன்னுடையதை மறுபடி பற்றவைத்துக் கடைசிவரை குடித்தார். அவர் குடித்து முடிக்கும்வரை என் கண் அந்த நெருப்பை விட்டு நகரவில்லை.

"சரி. வெள்ளை பெரியவரு. பச்சை ஆத்தூர்க்காரி. செவப்பு உன் வீட்டுக்காரி" என்றார்.

"இல்ல பாய், பச்சை எடது வாக்கு..." என்று வாய் தவறி வந்துவிட்டது.

அவர் என்னையே பார்த்தார். "உன் பொண்டாட்டியதுன்னு நெனச்சுக்கிட்டா கடைசின்ன?"

நான் தரையைப் பார்த்தேன். "நாக்காலி செவப்புக்குத்தான். கீழ போய்ச் சொல்லு" என்றார்.

கீழே போன பிறகுதான் நடந்தது தெரிந்தது. ஆத்தூர்ப் பெண்ணுக்கு வலது மணிக்கட்டில் சுளுக்கு. வலது பாதி இலையின் வாக்கில் திருப்ப முடியவில்லை என்று என் மனைவியிடம் கேட்டிருக்கிறாள். இருவரும் இலை அடுக்கை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெண்ணே எங்களிடம் வந்து சொன்னாள்: "நாந்தேன் மாத்திக் கேட்டேன். இல்லைன்னாலும் எனக்குக் கெடச்சிருக்காதுக்கா. உள் எல வைக்கையில கையி நிக்கவே இல்ல."

சாயந்திரம் நானும் மனைவியும் நடந்தே வீட்டுக்குப் போனோம். பாதி வழியில் கேட்டாள்.

"பச்சை என்னுதுன்னா நெனச்சீக?"

"ஆமா."

"நெனச்சுட்டும் கடைசின்னீகளா?"

"நீதான ஒரு வார்த்த சொல்லக் கூடாதுன்ன."

"நல்ல வார்த்த சொல்லக் கூடாதுன்னேன். கெட்ட வார்த்த சொல்லச் சொன்னேனா?"

அதற்குப் பிறகு அந்த வீங்கின காலை வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். கூப்பிட்டும் நிற்கவில்லை.

வீட்டில் சோறும் ரசமும் போட்டாள். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் கத்தரிக்காய். நான் பாதி சாப்பிட்டதும் எதிரே வந்து நின்றாள்.

"ரசத்துல உப்பு போதுமா?"

"போதும்."

"நான் உப்பே போடல" என்றாள். "இந்த நாக்க நம்பியா பாய் என் கால ஒப்படைச்சாரு?"

மூன்று சுருட்டு குடித்த வாய் அது, என்ன தெரியும் என்றேன். அவள் உப்பு டப்பாவை எடுத்து வந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் அவள் மாடியில் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்தாள். ஆத்தூர்ப் பெண் மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு கீழே தன் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். நான் இலை பிரித்தேன்.