சந்தனப் பொட்டுக்கு அடியில் எரிந்த விளக்கு

திருத்தங்கலை விட்டு வெகுதூரம் வந்திருந்தேன். விருதுநகர் ரோட்டில் வெயில் நன்றாக ஏறிவிட்டது. தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு போர்வை, விடுதியில் காலையில் கொடுத்த ரொட்டியில் மிச்சம். புத்தகங்களைக் கட்டிலுக்கு அடியிலேயே விட்டுவிட்டேன். என்னை யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. வார்டன் டீச்சர் நல்லவர். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் என் பெயரைத் தனியாகச் சொல்லி வேண்டிக்கொள்வார். என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். விருதுநகருக்குப் போய், எந்த ரயில் முதலில் வருகிறதோ அதில் ஏறிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

பின்னாலிருந்து ஒரு பிக்கப் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே வந்து, என்னைத் தாண்டி, நெடுந்தூரம் போய் நின்றது. ஓட்டியது அம்மாவின் தம்பி. அவர் ஜன்னலில் தலையை நீட்டிக் காத்திருக்க, நான் ஓடிப் போய்ச் சேர்ந்தேன்.

“எங்கலே போற, மருமவனே?”

“விருதுநகருக்கு.”

“லீவா?”

“இல்ல.”

மாமா என் பையைப் பார்த்தார். கதவைத் திறந்துவிட்டார்.

மாமா அந்த சீசனில்தான் டிரைவர் ஆகியிருந்தார். அதற்கு முன்பு அதே கம்பெனியில் பட்டாசுப் பெட்டி தூக்கினார். கழுத்துக்குப் பின்னால் தோல் தடித்துப் போயிருந்தது. பழைய டிரைவர் திருப்பூருக்குப் போய்விட, முதலாளி சாவியை மாமாவிடம் கொடுத்தார். அன்றிலிருந்து அவர் சட்டைப் பையில் சீப்பு வைத்துக்கொண்டார். வீட்டில் அத்தையே அவரை ‘டிரைவர்’ என்றுதான் கூப்பிட்டாள். வண்டி என்னவோ என்னைவிட வயதில் மூத்தது. அன்று எம். புதுப்பட்டியிலிருந்து தீபாவளிக்கான கடைசி லோடு. வடக்கே போகும் லாரி விருதுநகர் ஷெட்டிலிருந்து மத்தியானம் கிளம்பிவிடும். அதற்குள் பெட்டி சேராவிட்டால் ஆர்டர் போய்விடும், மறுபடியும் பெட்டி தூக்கத்தான் போகவேண்டும் என்று, ஏதோ சினிமாக் கதை சொல்வதுபோலச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஆயுத பூஜை முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வண்டி முழுக்கச் சந்தனமும் குங்குமமும் இருந்தது. ஸ்டியரிங்கில், கியர்க் குமிழியில், கண்ணாடியில் எல்லாம் விரல் நுனியளவு பொட்டு. மீட்டர் பலகையில் மட்டும், ஓர் ஓரத்தில், வடை தட்டியதுபோல ஒரு பெரிய பொட்டு அப்பியிருந்தது. காய்ந்து விளிம்பில் வெடித்திருந்தது. கை சும்மா இருக்காத பையன் நான். நகத்தால் பெயர்த்தேன்.

“ஏலே! சாமி பொட்டுலே அது. எடுக்காத!”

அதற்குள் பாதி உதிர்ந்துவிட்டது. உள்ளே சிவப்பாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வட்டம், அதற்குள் ஒரு ஆச்சரியக்குறி.

எனக்கு அந்த விளக்கைத் தெரியும். எங்கள் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது. கணக்கு டீச்சர் கரும்பலகையில் எழுதிய நேரமெல்லாம் நான் அங்கே வண்டிக்கு அடியில் என்ன நடக்கிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் நான் உருப்படியாகப் படித்தது அது ஒன்றுதான்.

“மாமா, பிரேக் லைட்டு எரியுது.”

“ஹேண்ட் பிரேக் சுவிட்சுலே. பழைய வண்டில்ல, அப்படித்தான் இருக்கும்.”

“அத பாத்துட்டா தெரிஞ்சிரும். நிப்பாட்டுங்க.”

மாமா சலித்துக்கொண்டே ஒரு டீக்கடைக்கு முன்னால் ஓரம் கட்டினார். ஹேண்ட் பிரேக்கைத் தூக்கி இறக்கிப் பார்த்தேன். விளக்கு அசையவில்லை. பிடிக்கு அடியில் கையை விட்டு, சுவிட்சுக்குப் போகும் ஒற்றை வயரைப் பிடுங்கினேன். அப்போதும் எரிந்தது. “ஹேண்ட் பிரேக் இல்ல மாமா” என்று, ஆஸ்பத்திரி டாக்டர் மாதிரி அறிவித்துவிட்டு இறங்கிப் போய் பானட்டைத் திறந்தேன்.

டீக்கடைக்காரர் அப்போதுதான் வண்டியில் இருந்த பெட்டிகளைப் பார்த்தார்.

“யோவ், பட்டாசு லோடா? இங்கன எதுக்குய்யா நிப்பாட்டுன? அடுப்பு எரியுது, கண்ணு தெரியலயா?”

“ஒரு நிமிசம் அண்ணாச்சி.”

“ஒரு நிமிசத்துல நாங்க அம்புட்டு பேரும் ராக்கெட்டுல போறதுக்கா? எடுய்யா வண்டிய!”

பீடியைப் பற்றவைக்கப் போன ஒருவர், தீக்குச்சியையும் பீடியையும் இரண்டு கைகளிலும் தூரத் தூரமாகப் பிடித்தபடி பின்னோக்கியே நடந்து போனார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் பட்டாசு லோடு ஏற்றிய வண்டிக்கு யாரும் இடம் கொடுக்க மாட்டார்கள். எந்த ஒர்க்‌ஷாப்பும் உள்ளே விடாது. காலி வண்டியாக இருந்தால்தான் மெக்கானிக் ஸ்பேனரையே எடுப்பார்.

நான் அவசரப்படவில்லை. பிரேக் ஆயில் டப்பா பழுத்த மஞ்சளில் இருந்தது. சட்டை நுனியால் துடைத்துப் பார்த்தேன். கீழ்க்கோட்டுக்கும் கீழே எண்ணெய். மூடியில் செருகியிருந்த வயரை உருவிவிட்டு ஓடிப் போய் மீட்டரைப் பார்த்தால் விளக்கு அணைந்திருந்தது. மறுபடி செருகினேன், எரிந்தது. ஆக, விளக்கு பொய் சொல்லவில்லை, எண்ணெய்தான் குறைந்துபோயிருக்கிறது. சீட்டுக்கு அடியில் ஒரு பிரேக் ஆயில் பாட்டில் கிடந்தது. அதில் பாதிதான் இருந்தது. ஊற்றினேன். விளக்கு அணைந்தது.

“அவ்ளோதான? ஏறு, போவோம்” என்றார் மாமா.

“குறைஞ்ச எண்ணெய் எங்க போச்சு?” என்றேன்.

மாமா காதைச் சொறிந்தார். அன்று அவர் ரொம்பவும் மந்தமாக இருப்பதாக எனக்குப் பட்டது. நான் டிரைவர் சீட்டில் ஏறி பிரேக்கை மிதித்தேன். முதலில் பெடல் பாதியில் நின்றது, காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தபோது மெல்ல மெல்லக் கீழே இறங்கி, தரையைத் தொட்டது. குனிந்து ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்தேன். பின்பக்க இடது சக்கரத்தின் உள்பக்கம் முழுக்க ஈரம். தொட்டால் வழுவழுவென்று விரலில் ஒட்டியது. தண்ணீர் அல்ல.

“உள்ள ஆயில அடைக்கிற ரப்பர் வாசர் போயிருச்சு மாமா. ஒழுகுது.” கையைக் காட்டினேன். என் வாழ்நாளில் ஒரு விடையை அவ்வளவு சரியாக நான் அதுவரை சொன்னதில்லை.

டீக்கடைக்காரர் வாளியோடு வந்து எங்களுக்கும் அடுப்புக்கும் நடுவில் நின்றுகொண்டார். மாமா வண்டியை எடுத்தார். முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு போனது. கொஞ்ச தூரத்தில் ரோடு சரிந்து இறங்கியது. சரிவின் அடியில் ரயில்வே கேட் மூடியிருக்க, பஸ், சைக்கிள், வேலையாட்களை ஏற்றிய வேன் என்று ஒரு வரிசை நின்றது. மாமா சரிவுக்கு முன்பே மண்ணில் இறக்கி வண்டியை நிற்க வைத்தார்.

“நீ எறங்கு. பின்னால பஸ் வரும், அதுல வந்துரு.”

“எதுக்கு?”

“எறங்குலேங்கிறேன்.”

“நான் இல்லன்னா பிரேக்க யாரு பாப்பா? நான் எறங்க மாட்டேன். எறக்கிவிட்டீகன்னா நேரா ரயிலேறிப் போயிருவேன், பாத்துக்கங்க.”

கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கண்டுபிடித்தவனை நடுவழியில் இறக்கிவிடுவது என்ன நியாயம் என்று எனக்குக் கோபம். மாமா கேட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மடியில் நான் வைத்திருந்த பையைப் பார்த்தார். கேட் திறந்தது; வரிசை நகர்ந்து, ரோடு காலியானது. அப்போதும் அவர் போகவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்து, ரோட்டோரத்துக் கரிசல் காட்டுக்குள் வண்டியை விட்டார். விதைக்காத காடு. வண்டி ஓரிரு முறை குலுங்கித் தானாக நின்றது. சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, போனை எடுத்து முதலாளியை அழைத்தார்.

முதலாளி புல்லட்டில் வந்தார். பின்னாலேயே வேறொரு வண்டியும் ஆட்களும் வந்தார்கள். பெட்டிகள் மாறின. ஆனால் ஷெட்டிலிருந்து லாரி போய்விட்டதாக அதற்குள் போன் வந்துவிட்டது.

“ஏம்ப்பா, ஒரு லைட்டு எரிஞ்சதுக்கா வண்டிய காட்டுல கொண்டாந்து போட்ட?”

“பிரேக் நிக்கல மொதலாளி.”

“நேத்து நின்னுச்சுல்ல? முந்தாநாள் நின்னுச்சுல்ல?”

மாமா குனிந்து, சக்கரத்துக்குக் கொடுத்த கல்லை நகர்த்தி வைத்தார். நான் முன்னால் போய், “பின் சக்கரத்துல வாசர் போயிருச்சுங்க, நான்தான் பாத்தேன்” என்றேன். முதலாளி அப்போதுதான் என்னைக் கவனித்தார்.

“இது யாரு?”

“அக்கா மகன், மொதலாளி. வழியில ஏத்துனேன்.”

முதலாளி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் குரல் இறங்கிவிட்டது. “அக்கா மகனா” என்று மட்டும் சொன்னார். ஆனாலும் கையை நீட்டினார். மாமா சாவியை அந்தக் கையில் வைத்தார். நான் அவருக்காக வெட்கப்பட்டேன். வாசர் போன விவரத்தை அவரும் என்னைப்போல அடித்துப் பேசியிருந்தால் சாவி போயிருக்காது என்று நினைத்தேன். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். “ஆமாலே, பேசத் தெரியல எனக்கு” என்றார் மாமா.

அத்தை எங்களுக்குச் சோறு போட்டாள். ‘டிரைவர்’ என்று கூப்பிடவில்லை. மாமா அம்மாவுக்குப் போன் செய்து, பையன் இங்கன பத்திரமா இருக்கான் என்றார்.

மறுநாள் காலை அவர் தலைத்துண்டைச் சுருட்டிக்கொண்டு பெட்டி தூக்கப் புறப்பட்டார். போகிற வழியில், புதுப்பட்டி விலக்கில் இருந்த ஒர்க்‌ஷாப்பில் என்னை விட்டார். “இவன் ரயிலேறணும்னு நிக்கான். இங்கன கொஞ்சம் பிடிச்சு வைங்க” என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். காலி வண்டியை அதற்குள் யாரோ அங்கே கொண்டுவந்து, ஜாக்கியில் தூக்கி வைத்திருந்தார்கள்.

மெக்கானிக் இடது சக்கரத்தின் டிரம்மைக் கழற்றினார். உள்ளே எண்ணெயும் கறுப்புத் தூளும் சேறாக இருந்தன. கிழிந்த வாசரை விரலில் மாட்டிக் காட்டினார்.

“இது போயிருச்சுன்னு ஒங்க மாமன்ட்ட பூசைக்கு முன்னாலயே சொன்னேன். சீசன் முடியட்டும், அதுவரைக்கும் ரெண்டு மிதி மிதிச்சு ஓட்டிக்கிறேன்னாரு.”

“இல்ல, நேத்துதான் தெரியும். நான்தான் கண்டுபிடிச்சேன்.”

“நீயா?” மெக்கானிக் சிரித்தார். மண்ணெண்ணெய்த் தகரத்தையும் பிரஷ்ஷையும் என் பக்கம் தள்ளிவிட்டார். “அப்ப நீயே கழுவு.”

அடுத்தவன் கண்டுபிடித்ததைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் ஆள் இவர் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, டிரம்மைக் கழுவ உட்கார்ந்தேன்.