தலை இல்லாத வீட்டில் ஒரு பந்தக்கால்

ஈஸ்டருக்கு மறுநாள் ரோமில் எங்கள் திருத்தந்தை, போப், இறந்துபோனார். செய்தி கேட்டதும் அம்மா செய்த முதல் காரியம், கூடத்தில் மாட்டியிருந்த அவர் படத்துக்கு ஒரு மல்லிகைச் சரம் போட்டதுதான். பக்கத்தில் அப்பாவின் படம். அதற்கு ஏற்கெனவே மாலை உண்டு. அப்பா போனதிலிருந்து வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். இரண்டு படங்களுக்கும் நடுவே ஒரு விளக்கையும் ஏற்றி வைத்தாள். அந்த முழ மல்லிகை என் கல்யாணத்தையே இழுத்து நிறுத்தப் பார்க்கும் என்று யாருக்குத் தெரியும்?

எனக்கு நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை அரூரில் என்னோடு ஒரே ஆபீசில் வேலை பார்ப்பவர். நல்லம்பள்ளிப் பக்கத்து விவசாயக் குடும்பம், இந்துக்கள். தவக்காலத்தில் எங்களில் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் ஈஸ்டர் தாண்டி நாள் குறித்திருந்தார்கள். வேற்று மதத்தில் கட்டிக்கொள்ள ஆயர், அதாவது பிஷப், தர வேண்டிய அனுமதியும் வந்துவிட்டது. ஆனால் அந்த வீட்டில் மாப்பிள்ளையின் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். தன் தங்கை மகளை மாப்பிள்ளைக்குக் கட்டிவைக்க வேண்டும் என்று பெரியப்பாவுக்கு நெடுநாள் ஆசை. நாள் ஒருமுறை தள்ளிப்போனால் கல்யாணம் கைநழுவிப் போகும். அது எனக்கும் தெரியும், பெரியப்பாவுக்கும் நன்றாகத் தெரியும்.

திருத்தந்தையின் அடக்கத்தை டிவியில் பார்த்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று பூசையில், வழக்கமாகத் திருத்தந்தையின் பெயரைச் சொல்லும் இடத்தில், எங்கள் பங்குச் சாமியார் யார் பெயரும் சொல்லாமல் நேராக ஆயரின் பெயருக்குப் போய்விட்டார். அந்த இடம் வந்ததும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பந்தலுக்கு இடம் பார்த்துப் பந்தக்கால் நட மாப்பிள்ளையும் பெரியப்பாவும் வருவதாக இருந்ததால், பூசை முடிந்ததும் சாமியாரையும் வீட்டுக்கு அழைத்து வந்தோம். பந்தக்கால் மூங்கில் முதல் நாளே வந்து வாசல் சுவரில் சாய்ந்திருந்தது.

பெரியப்பா வாசல்படி ஏறியவர், படத்து மல்லிகையையும் விளக்கையும் பார்த்ததும் ஒரு காலை உள்ளே வைத்தபடியே நின்றுவிட்டார்.

"என்னம்மா, வூட்ல எழவா?"

"ஐயோ இல்லீங்க சம்பந்தி. எங்க திருத்தந்தை தவறிட்டாரு. டிவில காட்டுனாங்களே" என்றாள் அம்மா.

"உங்களுக்கெல்லாம் பெரியவரு. அப்ப தீட்டுதான? எத்தன நாளு?"

"தீட்டெல்லாம் எங்களுக்குக் கெடையாதுங்க. ஒம்பது நாளு துக்கம். கல்யாணத்துக்கு முன்னாடியே முடிஞ்சிரும்" என்று நான் குறுக்கே பாய்ந்தேன். கல்யாணப் பெண் இப்படி வெடுக்கென்று பேசக்கூடாதுதான். ஆனால் பேச வேண்டிய ஆள் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பெரியப்பாவின் பின்னால் நின்றிருந்தாரே.

பெரியப்பா என்னைக் கண்டுகொள்ளவில்லை. சாமியாரிடம் திரும்பினார். "அடுத்த ஆளு எப்ப சாமி வருவாரு?"

எங்கள் சாமியார் நல்ல மனிதர். கேட்டால் கேட்டதற்கு மேல் சொல்வார். புதுத் திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கும் கர்தினால்மார்களை உள்ளே வைத்துக் கதவை அடைப்பார்கள், ஓட்டுப் போட்டு முடிவாகாவிட்டால் கரும்புகை, முடிவானால் வெள்ளைப்புகை என்று உற்சாகமாக விளக்கினார். "சீக்கிரம் முடிஞ்சிரும்ங்க. முன்னொரு காலத்துலதான் ரெண்டு மூணு வருசம் ஆளே அமையாம, ஊர்க்காரங்க கோவத்துல அவங்க இருந்த எடத்து கூரையவே பிரிச்சிட்டாங்க."

"மூணு வருசமா!" என்றார் பெரியப்பா.

"அதுவரைக்கும் யாரு பாத்துக்குவாங்க?" என்று அவரே மறுபடி கேட்டார்.

"அதுக்கு ஒரு கர்தினால் இருக்காரு. ஆனா திருத்தந்தை பீடம் காலியா இருக்கறப்ப புதுசா எதையும் செய்யக் கூடாது. அது பழைய சட்டம்."

பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. சாமியாருக்குத் தான் சொன்னது என்னவென்று அப்போதுதான் உறைத்தது, தாடையைத் தடவிக்கொண்டார்.

"கேட்டுக்கிட்டீங்களாம்மா? உங்க சட்டமே சொல்லுது. தலை இல்லாத வூட்ல புதுசா ஒண்ணு தொடங்கக் கூடாது. வேற ஆளு வரட்டும். அப்பறம் சாவகாசமா பாப்போம்."

சாவகாசமாக! அந்தச் சொல்லில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அம்மா விளக்கின் திரியைத் தூண்டிவிட்டுத் திரும்பினாள். குரல் உயரவே இல்லை.

"தலை இல்லாத வூடு எப்புடி இருக்கும்னு எனக்குத் தெரியுங்க சம்பந்தி. இவ அப்பா போன மறுநாளும் மாடு பால் கறக்கத்தான் கத்துச்சு. இவ காலேஜுக்குப் போவத்தான் போனா. புதுசா எதுவும் நான் தொடங்கல. இருந்ததத்தான் நடத்துனேன். இந்தக் கல்யாணமும் புதுசு இல்ல. நாம வெத்தல பாக்கு மாத்துனப்ப திருத்தந்தை உசுரோடதான் இருந்தாரு. குடுத்த வாக்க முடிக்கறதுக்கு ரோமாபுரில பொக வரணுமா?"

"அதான் சட்டமும்" என்று சாமியார் அவசரமாகச் சேர்ந்துகொண்டார். "நடந்துட்டு இருக்கற காரியம் நிக்காதுங்க."

பெரியப்பா விட்டபாடில்லை. "எல்லாஞ் சரி. பந்தக்கால் நட வூட்ல ஆம்பள யாரு இருக்கா?"

அம்மா வாசலுக்கு இறங்கினாள். மாட்டுக் கொட்டகையிலிருந்து கடப்பாரையை எடுத்துவந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வடகிழக்கு மூலையில் குத்தினாள். கோடைக்குக் காய்ந்து கிடந்த மண். கடப்பாரை துள்ளித் துள்ளித் திரும்பியது. தாலி அறுத்தவள் பந்தக்காலைத் தொடலாமா என்று பெரியப்பா கேட்கப்போகிறார், கேட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

அவர் வாய் திறப்பதற்குள் மாப்பிள்ளை எங்களைத் தாண்டிப் போனார். சட்டைக் கையை மடித்துவிட்டு, "குடுங்க அத்தை" என்று கடப்பாரையை வாங்கினார். நிச்சயம் ஆனதிலிருந்து அம்மாவை அவர் 'அத்தை' என்று கூப்பிட்டது அதுதான் முதல்முறை. பெரியப்பா பக்கம் அவர் திரும்பவே இல்லை. குழி தோண்டி முடித்ததும் நான் மஞ்சளும் மாவிலையும் கொண்டுவந்து கட்டினேன். சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். மாப்பிள்ளை மூங்கிலைத் தூக்கி நிறுத்த, அம்மா பிடித்துக்கொண்டாள்.

பெரியப்பா படியிலேயே நின்றிருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. நான் மண்ணைத் தள்ளி மிதிக்கத் தொடங்கியதும் அவர் தொண்டையைச் செருமினார்.

"தெக்க சாயுது பாரு. நேராப் புடிம்மா."

அம்மா மூங்கிலை நேராகப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே, அப்பாவின் சாவுக்குக்கூட ஊர் முன்னால் அழாதவள், அதில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள்.