சீந்தில் மாவும் ஒரு பொய்யும்

எனக்குப் பொறுமை என்பதே கிடையாது. இருந்திருந்தால் அந்த வருஷம் மாரியம்மன் நோன்பு முடியும்வரை சும்மா இருந்திருப்பேன். யுத்தம் வருவதற்கு முந்தைய காலம் அது. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் என் புகுந்த ஊர். நோன்பு சாட்டி ஊருக்கு அறிவித்துவிட்டால் யாரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. பச்சை மரத்திலோ கொடியிலோ கத்தி வைக்கக் கூடாது. சாட்டிய மறுநாளே கீழத்தெருவில் அம்மை வந்துவிட்டது.

என் மகளுக்கு மூன்று வயது. ஓயாமல் காய்ச்சலில் விழுந்து எழுந்த உடம்பு. அம்மையைத் தாங்குவாளா? உட்கார்ந்தாலும் நின்றாலும் எனக்கு அதே நினைப்பு. அம்மா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடவும் வழியில்லை. வேம்பில் படர்ந்த சீந்தில் உடம்பைத் தேற்றும், நோயை அண்டவிடாது என்று எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். கோயில் முன்னால் நட்ட கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஊரே போயிருந்த காலையில், கிணற்றடி வேம்பிலிருந்து மடி நிறையக் கொடி அறுத்துவந்தேன்.

கசந்தால் துப்பிவிடுவாள். அதனால் இடித்துக் கரைத்து, தெளியவைத்து, மேல்நீரை இறுத்துவிட்டு மறுபடி நீர் ஊற்றினேன். அடிமாவு வெளுக்கும்வரை இதே வேலை. நொடிக்கொரு தரம் சட்டியை எட்டிப் பார்த்தேன், பார்த்தால் தெளிந்துவிடுமா? கடைசியில் கிடைத்தது ஒரு கைப்பிடி.

துணியில் காயவைத்திருந்தபோது ஓரகத்தி வந்துவிட்டாள். என் கணவரின் அண்ணன் மனைவி. ஒரே வீட்டில்தான் இருந்தோம்.

"ஏனாயா, இதென்ன மாவு?"

நோன்பில் கொடி அறுத்தேன் என்றால் அலறியே ஊரைக் கூட்டிவிடுவாள்.

"கூவக்கெழங்கு மாவுங்கக்கா."

மறுநாள் தண்ணீர் எடுத்துத் திரும்பினால் துணி காலியாகக் கிடந்தது. பக்கத்தில் ஓரகத்தி.

"என்ற பையனுக்கு வகுறு போயிக்கிட்டே இருந்துச்சு. உன்ற கெழங்கு மாவுல கஞ்சி காச்சிக் குடுத்தேன். நின்னுபோச்சாயா!"

திட்டவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. இன்னொரு முறை அறுக்கலாம் என்றால் கிணற்றடியில் பொழுதுக்கும் ஆள். நடையாய் நடந்தேன், மரத்தடி வெறிச்சோடவே இல்லை. ஐந்தாம் நாள் என் மகளுக்கு அம்மை முத்துப் போட்டது.

ஓரகத்தி மகனை அம்மை தொடவேயில்லை. அந்த மாவுதான் காத்ததா, அவன் விதியா, எனக்குத் தெரியாது. அது என் மகள் வயிற்றுக்குப் போயிருக்க வேண்டியது என்பது மட்டும் தெரியும். ஓரகத்தியோ என் மகள் பக்கத்திலேயே வேப்பிலையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முத்து கண்ணுக்குள் இறங்கிய அன்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏஞ்சாமி, அந்தக் கெழங்கு மாவு இன்னும் கொஞ்சம் இருக்குதா? பையனுக்குக் கேட்டுச்சே. புள்ளைக்கு ஒரு வாய் காச்சி ஊத்தறேன்."

"இல்லீங்கக்கா. தீந்துபோச்சு."

மகள் பிழைத்தாள். இடது கண் போய்விட்டது. எல்லாம் ஆத்தாளின் விளையாட்டு என்று ஓரகத்தி இன்றும் சொல்கிறாள். ஆமாங்கக்கா என்று சொல்லிவிட்டு, இல்லாத வேலை ஒன்றைத் தேடி நான் எழுந்து போய்விடுகிறேன்.