வெடித்த கோதும் நீலக் கயிறும்

என் மேசை இழுப்பறையில் விரல் நீளத்துக்கு ஒரு நீல நைலோன் கயிறு கிடக்கிறது. நடுவில் உருவு முடிச்சு ஒன்று. நுனியைப் பிடித்து இழுத்தால் கழன்றுவிடும். நான் போட்ட முடிச்சு. இன்றுவரை அதை இழுத்துப் பார்த்ததில்லை.

புலம்பெயர்ந்து வந்த செயின்ட்-மிஷேலில் ஒரு கார் கராஜின் பின்னறையில் அப்போது எனக்கு வேலை. முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர். சுடுதளங்களில் சிந்திக் கிடக்கும் வெற்றுத் தோட்டாக்களை வாளி வாளியாக வாங்கி, கழுவி, தரம் பிரித்து, நூறு நூறாகப் பைகளில் விற்பார். வேட்டைக்காரர்களும் குறி பழகுவோரும் அந்தப் பித்தளைக் கோதுகளில் திரும்ப வெடிமருந்து நிரப்பிச் சுடுவார்கள். ஒருமுறை மட்டும் சுட்ட கோதுக்கு முதல் விலை. பலமுறை சுட்டதற்கு அதில் பாதி. கழுத்தில் மயிரிழை வெடிப்பு விழுந்திருந்தால் பழைய பித்தளையாக நிறுத்துப் போடவேண்டியதுதான். "சாமான் எல்லாரிட்டயும் ஒண்டுதான். நூறில ஒண்டும் பிழைக்காது எண்டுறதுக்குத்தான் எங்கட விலை" என்பார் முதலாளி.

வெடிப்பை நாங்கள் காதால் பிடிப்போம். நாலைந்து கோதுகளை உள்ளங்கையில் குலுக்கினால் கலகலவென்று கேட்கும். வெடித்தது ஒன்று கலந்திருந்தாலும் சத்தம் கட்டையாகிவிடும். என்னோடு வேலை செய்த மட்டக்களப்பு அண்ணைக்கு அது சரிவராது. அவருடைய இடது காது ஊரில் ஷெல் விழுந்தபோதே போய்விட்டது. அவர் கோதுகளை ஒவ்வொன்றாக விளக்கடியில் பிடித்து நகத்தால் கழுத்தைச் சுற்றித் தடவிப் பார்ப்பார். மெதுவான வேலை. ஆனால் அவர் பார்த்த பை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. நாள் தவறாமல் குறிப்பெழுதுகிறவன் நான். புரட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன். தரம் பார்த்தவரே பையையும் கட்டவேண்டும். வாவியில் வலை போட்ட மனிதர். அவர் முடிச்சைக் கத்தி வைத்து வெட்டினால்தான் திறக்கலாம்.

அந்த இலையுதிர்காலத்தில் மனைவியையும் மகளையும் கூப்பிட மனுப் போட இருந்தார். திகதிகளில் நான் கவனம் என்பதால் படிவங்களை நிரப்பியதும் நான்தான். மகளுக்கு இருபத்திரண்டு வயது ஆகுமுன் மனு போய்ச் சேரவேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் தாய் மட்டும்தான் வரலாம். மூன்று கிழமை மிச்சமிருந்தது. இன்னும் கைக்கு வராதது ஒன்றே ஒன்று, முதலாளியின் வேலைக் கடிதம். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை ஒரு வாடிக்கையாளர் பக்கவாட்டில் கிழித்த பையொன்றைக் கொண்டுவந்து மேசையில் எறிந்துவிட்டுப் போனார். உள்ளே மூன்று கோதுகள் வெடித்தவை. கட்டிய முடிச்சு அப்படியே இருந்தது. என் உருவு முடிச்சு.

"ஆர் பார்த்த பை இது?" என்று கேட்ட முதலாளி, பதிலையும் தானே சொன்னார். "கேக்கத் தேவையில்லை. செவிடன்ர பை."

அண்ணையை நடுவில் நிறுத்தினார். தான் அவருக்கு இடப்பக்கமாகப் போய் நின்று கோதுகளைக் குலுக்கினார். "வெடிச்சது இருக்கோ இல்லையோ, சொல்லும் ஐசே."

அண்ணை வலது காதைத் திருப்பினார். முதலாளியும் கூடவே நகர்ந்தார். இருவரும் ஒரு முழு வட்டம் சுற்றினார்கள்.

"என்ன மனே, காதை வாவிக்குள்ளயோ விட்டுட்டு வந்தனீர்?" அண்ணையின் ஊர்ப் பேச்சை நெளித்துச் சொன்னார் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அண்ணை சுற்றுவதை நிறுத்தினார். மேசையிலிருந்த முடிச்சைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமில்லை. பஸ் வருகிறதா என்று பார்ப்பவர்போல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் தரையைப் பார்த்தேன்.

"கடிதம்..." என்றார் அண்ணை முதலாளியிடம்.

"என்ன கடிதம்? நாளைக்கு வராதையும்."

அண்ணை போனபின் குப்பை கூட்டுகிற சாக்கில் அந்தக் கயிற்றை வெட்டியெடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். வேறு யாரும் பார்த்துவிடக் கூடாது. மறுநாள் அண்ணையின் விளக்கடி மேசையை முதலாளி எனக்குத் தந்தார். அன்றைய குறிப்பில் முதல் பனி விழுந்ததை எழுதியிருக்கிறேன், பை திரும்பி வந்ததை எழுதியிருக்கிறேன், அண்ணையை வேலையிலிருந்து நிற்பாட்டியதை எழுதியிருக்கிறேன். யாருடைய பை என்று எழுதவில்லை. மூன்று கிழமை தள்ளி ஒரு பக்கத்தில் 'அண்ணையின் மகள் பிறந்தநாள்' என்று முன்பே குறித்து வைத்திருந்தேன். அந்தப் பக்கத்தில் வேறெதுவும் இல்லை.

சில வருடங்கள் கழித்து ஜான்-டலோன் சந்தையில் அவரைக் கண்டேன். தக்காளிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "மனுசி வந்திட்டா, மனே" என்றார். நான் கேட்காமலே, "மகள் அங்கதான். தனிய. தாய்க்காரி போனைக் கீழ வைக்கிறாவே இல்லை" என்றார்.

அவர் மறுபடி பெட்டிகளின் பக்கம் திரும்பியபோது நான் மெல்ல நகர்ந்து அவருக்கு இடப்பக்கம் போய் நின்றேன். "அந்தப் பை என்ர, அண்ணை" என்றேன். முழுவதும் சொன்னேன். முடிச்சு, சிரிப்பு, கயிறு, எல்லாம். அவர் அடுக்கிக்கொண்டேயிருந்தார்.

பிறகு நிமிர்ந்து வலது காதை என் பக்கம் கொண்டுவந்தார். "என்னவோ சொன்னீர்?"

"தக்காளி என்ன விலை எண்டு கேட்டன்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விலையைச் சொன்னார். பழங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துப் பையில் போட்டுக் கட்டித் தந்தார்.

வீட்டில் அதைக் கத்தி வைத்து வெட்டித்தான் திறந்தேன். நீலக் கயிறு இழுப்பறையிலேயே கிடக்கிறது. இழுத்தால் கழன்றுவிடும்.