பூட்டிய தேதி

வேலை எப்போது முடியும் என்று சொல்வதுதான் ரொஸ்மவுலி சிதோருஸின் வேலை. பாத்தாம் தீவின் தஞ்சோங் உன்சாங்கில் எங்கள் கட்டுமான யார்டு இருந்தது. கடலில் நிற்கும் எரிவாயு மேடைக்கான ஒரு பெரிய கட்டமைப்பை அங்கே கட்டிக்கொண்டிருந்தோம். எந்த வேலைக்குப் பின் எது, எது தாமதமானால் எது தள்ளிப்போகும் என்பதையெல்லாம் ரொஸ்மா கணினியில் கோத்து வைத்திருந்தாள். திங்கள்தோறும் எத்தனை சதவீதம் முடிந்தது என்று கூட்டத்தில் சொல்வாள். அந்த ஓர் எண்ணுக்காக வாரம் முழுவதும் கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். நான் அதே அறையில் வரைபடங்களையும் சோதனைத் தாள்களையும் பதிந்து வைப்பவன்.

அவளுடைய ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிய இருந்தது. கணவருக்கு வேலை போய்விட்டதால் வீட்டுக்கு வரும் சம்பளம் அவளுடையது மட்டும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போட வேண்டியவர் திட்ட மேலாளர் பாக் சுல்ஹென்ட்ரி. 'பாக்' என்றால் எங்கள் ஊரில் ஐயா. மினாங் இனத்தவர், நல்ல மனிதர், கொடுத்த வாக்கை மாற்றக் கூசுபவர்.

கட்டமைப்பைக் கடலுக்குக் கொண்டுபோகும் பார்ஜ் என்ற தட்டைக் கப்பலில் ஏற்றும் முன் யார்டில் ஒரு நன்றி விருந்து உண்டு. மஞ்சள் சோற்றைக் கூம்பாகக் குவித்து வைப்பார்கள். மார்க்க ஆசிரியரான உஸ்தாஸ் வந்து துவா ஓதுவார், அனாதை இல்லத்துப் பிள்ளைகள் வந்து சாப்பிடுவார்கள். அழைப்பெல்லாம் போன பிறகு, ஏற்றும் தேதி கொஞ்சம் தள்ளிப்போவதாகக் கணினி காட்டியது. பாக் ரொஸ்மாவைக் கூப்பிட்டார்.

"புள்ளைங்ககிட்ட வரச் சொல்லியாச்சு ரொஸ். இந்த ஒரு வாரம் தேதியப் பூட்டி வை. பெறகு பாத்துக்கலாம்."

பூட்டினாள். அப்படிப் பூட்டிவிட்டால் அதற்கு முன் முடிய வேண்டிய வேலைகள் எவ்வளவு தள்ளிப்போனாலும் தேதி அசையாது, தாமதத்தைக் காட்டும் சிவப்புக் கோடும் வராது. அடுத்த வாரம் பூட்டை எடுத்திருக்க வேண்டும். மகளுக்குக் காய்ச்சல் என்று விடுப்பில் போனவள் அதை மறந்தே போனாள்.

எங்கள் யார்டில் இரும்பை டன்னிலும் கேபிளை மீட்டரிலும் அளந்து சதவீதம் போடுவார்கள். கேபிளை விரித்துவிட்டாலே எண் ஏறிவிடும். முனைகளை இணைத்து, அறையில் பொத்தானை அழுத்தினால் மேலே வால்வு மூடுகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பதற்குக் கணக்கில் இடம் மிகக் குறைவு. அதனால் தொண்ணூற்றேழு சதவீதம் என்று ரொஸ்மா சொன்னபோது எல்லோரும் நம்பினோம்.

அந்தச் சோதனைகளுக்குப் பொறுப்பு தர்யோனோ என்ற ஜாவாக்காரர், கட்டுப்பாட்டுப் பொறியாளர். அவர் ரொஸ்மாவைக் காக், அதாவது அக்கா, என்பார்; அவள் அவரை மாஸ், அண்ணன், என்பாள். ஒருநாள் கேன்டீனில் அவளெதிரே தட்டோடு வந்து உட்கார்ந்தார்.

"அந்தத் தொண்ணூத்தேழுல என் வேலையும் இருக்கா காக்?"

"இருக்கு மாஸ். ஏன்?"

"கேபிள் படுத்துக் கெடக்கு, அவ்ளோதான். பாதிக்கு இன்னும் முனையே கட்டல. காஸ் கசிஞ்சா எந்த வால்வு மூடும்னு அல்லாவுக்குத்தான் தெரியும்."

"இத ஏன் இத்தன நாளாச் சொல்லல?"

"தேதி நகரவே இல்லையே. நீங்க எங்கேருந்தோ ஆள் கொண்டாந்து குடுக்கப் போறீங்கன்னு நெனச்சுட்டேன்."

ரொஸ்மா சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு வந்து பூட்டை எடுத்தாள். தேதி பௌர்ணமியைத் தாண்டி ஓடியது. கடல் நன்றாக ஏறும் நாளில்தான் கட்டமைப்பைக் கரையிலிருந்து பார்ஜுக்கு உருட்ட முடியும். பௌர்ணமி தவறினால் அமாவாசைதான். ஆனால் வரும் திங்கள் கூட்டத்தில் பார்ஜை உறுதி செய்வதாக இருந்தது. உறுதி செய்துவிட்டால், சோதித்தாலும் சோதிக்காவிட்டாலும் கட்டமைப்பு கடலுக்குப் போய்விடும்.

கூட்டத்தில் திடீரென்று சொன்னால் பாக்குக்கு அவமானம். பெரிய கூட்டத்துக்கு முன் தனியாகச் சொல்லிவிடுவதுதான் எங்கள் வழக்கம். வெள்ளிக்கிழமை அவரைப் பார்க்க முடியவில்லை. சனிக்கிழமை காலை அவருடைய அறைக்குள் போனாள். அங்கே நான் ஏற்கெனவே கோப்புகளோடு நின்றிருந்தேன். வெளியே போகச் சொல்ல இருவருக்கும் தோன்றவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், பூட்டச் சொன்னது யார் என்று கேட்டார்.

"சொல்லேன். பத்தாக் ஆளுங்கன்னா ஒரக்கப் பேசுவாங்களே, உன் குரல் எங்க போச்சு?"

"நீங்கதான் சொன்னீங்க பாக். எடுக்காம விட்டது நான்."

"திங்கக்கெழம நீயே சொல்லு. நான் குறுக்க பேசமாட்டேன்."

அது துணையா, கைகழுவலா என்று தெரியாமல் அவளுக்கு ஞாயிறு கழிந்தது. தேவாலயத்தில் பாட எழுந்தபோது வேறு பாட்டின் பக்கத்தைத் திறந்து வைத்திருந்ததாகப் பின்னால் சொன்னாள்.

திங்களன்று சொன்னாள். வாடிக்கையாளரின் பிரதிநிதி, தவறு யாருடையது என்று கேட்டார். தன்னுடையது என்றாள். பாக் சுல்ஹென்ட்ரி சொன்னபடியே குறுக்கே பேசவில்லை. பார்ஜ் அமாவாசைக்கு மாறியது. விருந்து மட்டும் சொன்ன தேதியிலேயே நடந்தது. கரையில் அசையாமல் நின்ற கட்டமைப்பின் கடற்பயணத்துக்காக உஸ்தாஸ் துவா ஓதினார். போகாத வண்டிக்கு வழியனுப்பு என்று தர்யோனோ முணுமுணுக்க, பிள்ளைகள் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

மாதக் கடைசியில் ஒப்பந்தம் வந்தது. வழக்கம்போல் ஓராண்டுக்கு இல்லை. கட்டமைப்பு பார்ஜில் ஏறும் நாள் வரை மட்டும்.

இனிமேல் தேதி தள்ளினால் லாபம் காக்குக்குத்தான் என்று கேன்டீனில் கேலி பேசினார்கள். அவள் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே சோதனைகள் பின்தங்கின. அமாவாசையும் தவறும் போலிருந்தது. உள்ளதைச் சொன்னால் சம்பளத்துக்காக இழுக்கிறாள் என்பார்கள். மறுபடி பூட்டினால் வால்வுகள் சோதிக்கப்படாமல் போகும். என்னிடம் சோதனைத் தாள்களை வாங்கி, தன் கணக்கோடு இரண்டு முறை ஒப்பிட்டாள். பிறகு அவற்றை எடுத்துக்கொண்டு பாக்கிடம் போனாள். நானும் கூடப் போனேன், தாள்கள் என் பொறுப்பு.

"மாஸ் தர்யோனோவுக்கு இன்னும் நாலு பேர் வேணும் பாக். குடுத்தா அமாவாசைக்கு முடிஞ்சிடும்."

அவர் தாள்களைப் புரட்டாமல் அவளையே பார்த்தார்.

"முடிஞ்சா அன்னிக்கே உனக்கும் கடைசி நாள்."

"தெரியும் பாக்."

மூன்று பேரைக் கொடுத்தார். அவர்களை வைத்துக்கொண்டு தர்யோனோ ஒரு சோதனையையும் விடாமல் முடித்தார். அமாவாசையன்று கடல் ஏறியதும் அடியில் தாங்கிய வண்டிகளின் சக்கரங்கள் மெல்ல உருண்டு, கட்டமைப்பு பார்ஜில் ஏறி நின்றது. ரொஸ்மா கணினியில் நூறு என்று அடித்து அறிக்கையை என்னிடம் பதியக் கொடுத்தாள். பிறகு கழுத்திலிருந்த நுழைவட்டையைக் கழற்றி வாயிலில் ஒப்படைத்துவிட்டு, கணவரின் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனாள்.