முன்னாள் எம்.எல்.ஏ.வின் பேனா

போன மாதம் திருமலையில், இலவச தரிசனத்துக்குக் காத்திருக்கும் கூடத்தில், எங்கள் தொகுதியின் முன்னாள் எம்.எல்.ஏ. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சித்தூர்க்காரர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய நாமம், சட்டைப் பையில் தங்க மூடி போட்ட பேனா. அந்தப் பேனாவால் அவர் கையெழுத்துப் போட்ட சிபாரிசுக் கடிதங்களை வைத்து, நான் நான்கு முறை சீக்கிரமாகச் சாமி பார்த்திருக்கிறேன். தேர்தலில் தோற்றபின் அவர் கையெழுத்து மலையில் செல்லாமல் போய்விட்டது.

"வணக்கம் சார்" என்றேன். அவர் கை உடனே பேனாவுக்குப் போனது.

"எத்தினி பேரு? என்னிக்கி வோணும்?" என்றவர், சுற்றிலும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பழக்கம்பா. யாரு எதிர்ல வந்து நின்னாலும் கை இங்கதான் போவுது."

"உங்க லெட்டர்ல நாலு தபா வந்திருக்கேன் சார். அர மணியில முடிஞ்சிது."

"ஓட்டு எனக்குப் போட்டியா?"

நான் செருப்பில்லாத என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி வுடு. என் லெட்டர்ல சாமி பாத்தவங்க எல்லாம் போட்டிருந்தா, நான் ஏன் காலைலேருந்து இங்க குந்திக்கினு இருக்கப் போறேன்?" என்று, கூடத்தில் தனக்குக் கொடுத்த பாலையும் என்னிடமே நீட்டினார்.

சாயங்காலம்தான் கதவைத் திறந்தார்கள். சந்நிதியில் பெருமாள் எதிரில் வந்ததும் எல்லோரும் கை கூப்பினோம். அவர் கை மட்டும் பேனாவுக்குப் போனது. அதற்குள் "ஜருகண்டி, ஜருகண்டி" என்று எங்களைத் தள்ளிவிட்டார்கள்.

பெருமாள் அவரிடம் எத்தனை பேருக்குக் கடிதம் கேட்டாரோ, தெரியவில்லை.